வேரோடு கொண்டு வந்தால் ஐந்து மதிப்பெண்

கல்லூரியில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. வேர் மிஸ். முதுகுக்குப் பின்னால் சொல்லுவார்கள், காதில் விழாத மாதிரி நான் நடந்துவிடுவேன். உள்ளுக்குள் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

எழுபதுகளின் கடைசியில் சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வருடத்து மாணவிகள் ஒவ்வொருவரும் இருபத்தைந்து செடிகளைச் சேகரித்து, செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தி, உலர்த்தி, தாளில் ஒட்டி, பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஹெர்பேரியம் என்போம். இலை, பூ, தண்டு எல்லாம் இருந்தாலும் வேர் இல்லாத செடியை நான் தொடமாட்டேன். "தலையை மட்டும் வெட்டிக் கொண்டுவந்து இதுதான் ஆளுன்னு காட்டுவியா?" என்று கேட்டு நோட்டைத் தள்ளிவிடுவேன்.

பெண்கள் கெட்டிக்காரிகள். எதற்கு அலைவது என்று கல்லூரி மதிலுக்குள்ளேயே வேலையை முடித்துவிடுவார்கள். குப்பைமேனி, நாயுருவி, தும்பை, துளசி. முப்பத்தாறு பேர், முப்பத்தாறு குப்பைமேனி. திருத்தித் திருத்தி எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். அந்தக் கடுப்பில் ஒரு வருடம் அறிவித்தேன்: மதிலுக்கு வெளியிலிருந்து ஓர் அரிய செடியை வேரோடு கொண்டு வந்தால் ஐந்து மதிப்பெண் கூடுதல்.

அதே வருடம் ஐப்பசியில் எடப்பாடிப் பக்கம் என் கணவரின் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் பஸ்ஸின் டயர் வெடித்தது. என் கணவர் லாரி பாடி கட்டும் பட்டறையில் மேஸ்திரி. ஜாக்கியைக் கண்டதும் மனைவி மறந்துபோய்விட்டது, டிரைவருக்கு யோசனை சொல்ல உட்கார்ந்துவிட்டார். நான் சும்மா நிற்காமல் சாலையோரத்துக் கரட்டில் ஏறினேன். மலை என்று சொல்ல முடியாத, வெறும் பாறையும் முள்ளுமான குன்றை எங்கள் பக்கத்தில் கரடு என்போம்.

பாதி ஏறியபோது ஆடு செத்து அழுகிய நாற்றம். சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு சுற்றிப் பார்த்தேன். ஆடு இல்லை. கிளுவைப் புதர் ஒன்றின் அடியில், பாறை இடுக்கில், விரல் தடிமனில் நான்கு பட்டையாகச் சாம்பல் பச்சைத் தண்டுகள் நின்றன. ஓர் இலைகூட இல்லை. நுனியில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கருஞ்சிவப்புப் பூப்பந்து. அதை ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. நாற்றம் அந்தப் பூவின் நாற்றம்தான்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஊரில் துவையல் அரைக்கும் மெல்லிய கள்ளிமுளையானை எனக்குத் தெரியும். இது அதன் பெரியப்பா வீட்டுப் பிள்ளை. பன்னிரண்டு வருடம் சேலம், நாமக்கல் பக்கம் மேடு பள்ளமெல்லாம் சுற்றியும் இதை உயிரோடு நான் பார்த்ததில்லை, புத்தகத்துப் படத்தில் பார்த்ததோடு சரி. கரட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாற்பது தூர் இருக்கலாம்.

"ஏனுங்க அம்மிணி, நாத்தம் புடிச்ச பூவ இப்புடிப் பாக்கறீங்க?" என்று குரல் கேட்டது. ஆடு மேய்க்கிற பெண். என் வயதுதான் இருக்கும். தலையில் துண்டைச் சும்மாடாகச் சுற்றியிருந்தாள்.

இது தின்னக் கூடியதா என்று கேட்டேன்.

"நுனியக் கிள்ளி உப்புத் தொட்டுத் தின்னா பொழுதோட வரைக்கும் பசிக்காதுங்க. கசக்கும். வேரத் தொடப்படாது, அவ்வளவுதான். எங்கம்மா காலத்துல இருந்து இங்கதான் கெடக்குது."

வீட்டில் வளர்க்க ஒரு துண்டு வேண்டும் என்றேன். அவளே ஒரு தண்டின் நுனியை ஒடித்துக் கொடுத்தாள். "வேரு வேண்டாமுங்க, நட்டு வெச்சா அதுவே புடிச்சுக்கும். தண்ணி மட்டும் ஊத்திராதீங்க." வேர் மிஸ்ஸுக்கு ஆடு மேய்ப்பவள் வேர் வேண்டாம் என்கிறாள். சிரித்துக்கொண்டே இறங்கினேன்.

துண்டைத் தொட்டியில் நட்டு வைத்தேன். பத்தாம் நாள் கொழகொழவென்று அழுகிச் சாய்ந்தது. என் கணவர் தினமும் காலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். குடியானவர் வீட்டுப் பிள்ளை. கிணறு வற்றிய கோடையில் தென்னைக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்ந்த மனிதர். "செடிக்குத் தண்ணி ஊத்தறது ஒரு குத்தமா? வாடிக் கெடந்துச்சு, மனசு கேக்கல" என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. போனால் போகட்டும், கரட்டில்தான் நாற்பது தூர் இருக்கிறதே, அடுத்த மழைக்கு இன்னொரு நுனி வாங்கிக்கொள்ளலாம் என்று ஆறிப்போனேன்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்ன பழமொழி. வகுப்பில் பெருமையடித்தேன். கரும்பலகையில் தண்டு, பூ, பட்டை எல்லாம் வரைந்தேன். இப்படிச் சதைப்பற்றுள்ள செடி லேசில் சாகாது, கொதிக்கும் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கொன்ற பிறகுதான் அழுத்த வேண்டும் என்று முறையும் சொன்னேன். யாரோ ஒருத்தி எங்கே மிஸ் கிடைக்கும் என்று கேட்க, எந்தப் பஸ், எந்த நிறுத்தம், எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்பது வரை சொன்னேன். கல்லூரி மதிலைத் தாண்டாத பெண்கள் அவ்வளவு தூரம் எங்கே போகப் போகிறார்கள் என்று நினைப்பு.

தை மாதக் கடைசியில் கட்டுகள் வந்தன. மத்தியானம் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து முதல் கட்டைப் பிரித்தேன். குப்பைமேனி, தும்பை, நாயுருவி. கடைசித் தாளில் அது. நாற்பட்டைத் தண்டு, பூப்பந்து, அடியில் ஒரு நூல்கூட அறாத வேர். அடடே, ஒருத்தி போயிருக்கிறாளே என்று சந்தோஷமாக ஐந்து போட்டேன்.

இரண்டாவது கட்டின் கடைசித் தாளிலும் அது. சரி, சினேகிதிகள் சேர்ந்து போயிருக்கிறார்கள். மூன்றாவது கட்டில். நான்காவதில். பத்தாவதிலும் அதே. அதன் பிறகு மற்ற செடிகளைப் பார்க்கவே இல்லை. கட்டுகளை வரிசையாகத் தலைகீழாகப் புரட்டிக் கடைசித் தாளை மட்டும் உருவினேன். மேஜை நிரம்பித் தரையிலும் பரப்பினேன். முப்பத்தாறு தாள், முப்பத்தாறிலும் அதே செடி, எல்லாம் வேரோடு. 'கிடைக்கும் அளவு' என்ற இடத்தில் எல்லோரும் அழகான கையெழுத்தில் 'மிக அரிது' என்று எழுதியிருந்தார்கள்.

 தரையில் கிடந்த தாள்களை மிதிக்காமல் வெளியே வரக்கூட வழி தெரியாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். வகுப்புத் தலைவியைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

"எல்லாருமே ஒண்ணாப் போனோமுங்க மிஸ்," என்றாள் முகமெல்லாம் சிரிப்பாக. "ஞாயித்துக்கெழம. எங்க அண்ணன் கடப்பாரை குடுத்துச்சு. வேரு ஒண்ணுகூட ஒடையல, பாருங்க. ஆளுக்கு ரெண்டு எடுத்தோம். ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எங்க ரெக்கார்டுக்கு."

"அங்க மிச்சம் எத்தனை இருக்கு?"

"பத்தவே இல்லீங்க மிஸ். பெரிய தூரெல்லாம் பிரிச்சுப் பிரிச்சுத்தான் பங்கு வெச்சோம். காய்ச்சல்ல படுத்திருந்தவளுக்கும் சேத்து எடுத்துட்டோம். யாருக்கும் மார்க்கு போயிரக் கூடாதில்லீங்க?"

அவளை ஓங்கி ஓர் அறை விட வேண்டும்போல இருந்தது. எதற்காக? நான் சொன்னதை ஓர் எழுத்துப் பிசகாமல் செய்ததற்காகவா? அறை வாங்க வேண்டிய கன்னம் என்னுடையது. "போ" என்று மட்டும் சொன்னேன். அவள் வாடிய முகத்தோடு போனாள்.

அடுத்த ஞாயிறு தனியாகக் கரட்டுக்குப் போனேன். ஒன்றாவது விட்டிருப்பார்கள், பாறைக்குப் பின்னால் ஒன்றாவது கண்ணில் படாமல் தப்பியிருக்கும் என்று பஸ்ஸில் வேண்டிக்கொண்டே போனேன். கிளுவைப் புதர்களின் அடியில் எல்லாம் குழி. கடப்பாரை வாய் பதிந்த சுத்தமான குழிகள். என் மாணவிகள் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார்கள். இரண்டு மணி நேரம் முள்ளில் சேலையைக் கிழித்துக்கொண்டு தேடினேன். ஒன்றுகூட இல்லை.

ஆடு மேய்ப்பவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"பாத்தீங்களா அம்மிணி அநியாயத்த? பட்டணத்துப் புள்ளைங்க ஒரு பஸ்ஸு ஆளு வந்து அத்தனையும் தோண்டிட்டுப் போயிருச்சுங்க. வேண்டாஞ் சாமி, வேண்டாஞ் சாமின்னு கத்துனேன். டீச்சரம்மா கேட்டாங்கன்னு சொல்லிச்சுங்க. அந்தம்மாளுக்கு ஒண்ணு போதாதுங்களா? இத்தனையும் வெச்சு என்ன பண்ணுவா?"

"அப்படியா?" என்றேன் நான்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன வார்த்தைகளிலேயே கேவலமானது அந்த 'அப்படியா'தான். வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, யார் மேய்ந்தது என்று கேட்டு நின்றது. அவள் என்னை நம்பி, எனக்குக் குடிக்க மோர் வேறு கொடுத்தாள்.

திருத்தும் வேலையை முடித்தாக வேண்டும். அறிவித்த மதிப்பெண்ணைக் கொடுக்காமல் இருக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து, ஐந்து என்று போட்டுக்கொண்டே வந்தேன். ஒரே ஒரு தாள் மட்டும் சரியில்லை. அம்மாபேட்டையில் தறிக்கார வீட்டுப் பெண்ணுடையது. கடைசி வரிசையில் உட்கார்ந்து வாய் திறக்காத பெண். அவள் தாள் ஈரம் கோத்துக் கறை படிந்து, நடுவில் புடைத்துக்கொண்டிருந்தது.

"கொதிதண்ணியில போட்டியா?" என்று வகுப்பு முன்னால் நிறுத்திக் கேட்டேன்.

"மறந்துட்டேனுங்க மிஸ்."

ஒரு வாரமாக யார்மேல் இறக்குவது என்று தெரியாமல் வைத்திருந்த கோபம் அத்தனையும் அவள்மேல் இறங்கியது. என்னென்ன சொன்னேனோ, நினைவில்லை. நினைவில்லாதது நல்லதுதான். சிவப்பு மையில் 'சரியாகக் கொல்லப்படவில்லை' என்று எழுதிப் பூஜ்யம் போட்டேன். அவள் அழுதுகொண்டே போனாள். மற்றவர்கள் எல்லாரும் சரியாகக் கொன்றிருந்தார்கள்.

பங்குனியில் விடுமுறைக்கு முன் அலமாரியைச் சுத்தம் செய்தபோது கட்டுகளை இறக்கினேன். ஒரு கட்டின் ஓரத்தில், செய்தித்தாள் மடிப்புக்கு வெளியே, வெளிறிய பச்சை நிறத்தில் சுண்டுவிரல் நுனி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. நான் போட்ட கூச்சலில் ஆய்வுக்கூட உதவியாளர் துடைப்பத்தோடு ஓடிவந்தார்.

"பாம்புங்களா?"

 இரண்டு மாதம் இருட்டில், இரண்டு பலகைக்கு நடுவில், தண்ணீரும் வெளிச்சமும் மண்ணும் இல்லாமல் நசுங்கிக் கிடந்த செடி, தாளைக் கிழித்துக்கொண்டு வளர்ந்திருந்தது. தாளின் மேல் என் சிவப்பு மை எழுத்து. அதைப் படித்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்து அழுதேன். உதவியாளர் துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் ஒன்று போதாது. இந்த வகைச் செடிக்குத் தன் பூவின் மகரந்தத்தில் காய் பிடிக்காது. வேறொரு தூரில் முளைத்த இன்னொரு செடி வேண்டும். இல்லாவிட்டால் நுனி நுனியாக ஒடித்து நட்டு, ஒரே உயிரை நூறு தொட்டியில் வைத்திருக்கலாமே தவிர, விதை கிடைக்காது. ஆளுக்கு இரண்டு எடுத்தார்கள் என்று தலைவி சொன்னது நினைவு வந்தது. அம்மாபேட்டைப் பெண்ணைக் கூப்பிட்டேன். இன்னும் என்ன திட்டு மிச்சமிருக்கிறதோ என்று வெலவெலத்துப்போய் வந்தாள்.

"உன் ரெக்கார்டுக்கு வெச்சிருந்த இன்னொரு செடி எங்க?"

"வீசிட்டேனுங்க மிஸ். நீங்க திட்டுன அன்னிக்கு. கோவத்துல பொட்டலத்தோட ஊட்டுக்குப் பின்னால வீசிட்டேன்."

"ரெண்டும் ஒரே தூரா?"

"இல்லீங்க. ஒண்ணு மேல பாறைகிட்ட எடுத்தது. இன்னொண்ணு கீழ, வேலமரத்துகிட்ட."

அன்று சாயங்காலமே அவளோடு அவள் வீட்டுக்குப் போனேன். தறி ஓசை நின்று, வீட்டார் எல்லாம் ஏதோ விபரீதம் என்று வெளியே வந்தார்கள். கல்லூரி டீச்சர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர்கள் வீட்டுக் கொல்லையில் உடைந்த ஓட்டுக் குவியலைக் கிளறுவதை வரிசையாக நின்று பார்த்தார்கள். ஓட்டுச் சில்லுகளுக்கு நடுவில், மக்கிய செய்தித்தாளோடு, அது கொழுத்து வளர்ந்து கிடந்தது. யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாததால் பிழைத்திருந்தது.

அவள் அம்மா அப்பா எதிரிலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தக் காலத்தில் மாணவியிடம் டீச்சர் மன்னிப்புக் கேட்பது நடக்காத காரியம். "ஐயோ வேண்டாமுங்க மிஸ்" என்று அந்தப் பெண் பயந்துபோய்ச் சுவரோடு ஒண்டினாள். மதிப்பெண்ணை மறுநாளே மாற்றினேன்.

இரண்டையும் வீட்டு மொட்டை மாடியில், அடியில் ஓட்டை போட்ட பழைய இரும்புச் சட்டிகளில் ஓட்டுச் சில்லும் சரளையும் போட்டு நட்டேன். கரட்டிலிருந்து ஒரு பிடி மண்கூட எடுக்கவில்லை. எடுக்கத் தைரியமில்லை. மாதம் ஒரு டம்ளர் தண்ணீர், அதுவும் என் கையால். என் கணவருக்கு மாடிப் பக்கம் போகத் தடை. அப்படியும் போவார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாகக் கிடக்கும் உறவினரைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு இறங்கி வருவார்.

இரண்டாவது வருடத்து ஐப்பசியில் இரண்டும் ஒரே வாரத்தில் பூத்தன. வீட்டுக்குள்ளே எலி செத்துக் கிடக்கிறது என்று என் கணவர் பரண் முழுக்க இறக்கித் தேடினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சாக்கடையைத் தூர்வாரச் சொல்லிச் சண்டைக்கு வந்தார்கள். நான் வாயே திறக்கவில்லை. ஈக்கள் வர வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. வந்தன. இரண்டு மாதம் கழித்து ஒரு காம்பில் ஆட்டுக் கொம்பு மாதிரி ஜோடியாகக் காய் நின்றது. வெடித்துப் பஞ்சோடு விதை பறந்துவிடாமல் மெல்லிய துணியைக் கட்டி வைத்தேன்.

விதை முளைத்தது. முளைத்தவை விரல் நீளம் வளர மூன்று வருடம் பிடித்தது. கூட வேலை செய்பவர்கள் ஒரு துண்டு கேட்டார்கள், கொடுக்கவில்லை. கஞ்சப்பிசினாறி என்று பெயர் வாங்கினேன். எங்கே கிடைத்தது என்றார்கள், சொல்லவில்லை. எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுபோய் வைக்கும்வரை யாருக்கும் எதுவும் கிடையாது என்று இருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு புரட்டாசியில், முதல் மழை பெய்து நின்ற வாரம், இருபத்து நான்கு கன்றுகளைக் கூடையில் வைத்துக் கரட்டுக்குக் கொண்டுபோனேன். தாய்ச்செடிகள் இரண்டும் வீட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பழைய குழிகள் மண் மூடித் தூர்ந்திருந்தன. கிளுவைப் புதரடியில், வெயில் நேராக விழாத இடமாகப் பார்த்து நட்டேன். ஆடு மேய்ப்பவள் வந்தாள். நரை விழுந்திருந்தது, எனக்கும்தான். ஒவ்வொரு கன்றாகக் குனிந்து பார்த்தாள்.

"எங்கீங்க அம்மிணி கெடச்சுது?"

அப்போது சொல்லிவிட்டேன். "அன்னிக்கு அந்தப் புள்ளைகள அனுப்புன டீச்சர் நான்தானுங்க."

 திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் கோலை எடுத்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு, "நட்டுப்போட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். புதரடியில் குழி. அடுத்த புதரடியில் குழி. இருபத்து நான்கு இடத்திலும் குழி.  யாரிடமும் சொல்லவில்லையே, கன்றுகளை எங்கே கொண்டுபோகிறேன் என்று என் கணவரிடம்கூடச் சொல்லவில்லையே! எப்படித் தெரிந்தது, யாருக்குத் தெரிந்தது? இந்த முறை நான் என்ன தப்பு செய்தேன்?

அவள் மேலே பாறையில் உட்கார்ந்திருந்தாள்.

"யாரு வந்தாங்க? யாரு தோண்டுனது?" என்று கத்தினேன்.

"யாரும் வரலீங்க. நான்தான் எடுத்தேன்."

"நீங்களா?"

"வேரு அறுகாமத்தான் எடுத்தேன். வேற எடத்துல வெச்சிருக்கேன். அத்தனையும் புடிச்சிருச்சுங்க."

"எங்க வெச்சிருக்கீங்க?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"அத உங்ககிட்ட சொல்ல மாட்டேனுங்க அம்மிணி," என்றாள்.

 ஐந்து வருடம் டம்ளர் டம்ளராக அளந்து வளர்த்தவள் நான். கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நெஞ்சு பொங்கியது. பொங்கியதை விழுங்கிக்கொண்டேன். அவள் சொல்வதுதான் சரி என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் வலித்தது.

அதன் பிறகு வருடம் ஒருமுறை, ஐப்பசியில், அந்த நிறுத்தத்தில் இறங்கி அவளைப் பார்ப்பேன். இந்த வருடம் பூத்ததா என்று கேட்பேன். பூத்துதுங்க என்பாள். காய் பிடித்ததா என்பேன். புடிச்சுதுங்க என்பாள். கொஞ்ச நேரம் ஆடுகளைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.